சுருக்கத்தைப் படிப்பது யார்?

(குத்தாலத்தில் ஆய்வு மாணவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப்பில் கருத்தரங்க அழைப்பு மடல்களுக்குப் பஞ்சமே இருக்காது. அடுத்த மடல் வரும்போது தலைப்பையும், விருந்தினர்களின் வட்ட வட்டமான படங்களையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மூன்று தேதிகளைத் தேடிப் பாருங்கள். ஆய்வுச்சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் எது? ஏற்றுக்கொண்டோமா இல்லையா என்று அவர்கள் சொல்லும் நாள் எது? பதிவுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது? பல மடல்களில் நடுவிலுள்ள தேதியே இருக்காது. "கட்டணம் செலுத்திய ரசீதைச் சுருக்கத்துடன் இணைத்து அனுப்புக" என்று ஒரு வரி மட்டும் இருக்கும். படிக்கும் முன்பே பணம் வாங்கிவிட்டால், படித்த பிறகு வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்கள்? அந்த மடலை அனுப்பியவர்கள் எதையும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை என்று நீங்கள் முடிவுகட்டிக்கொள்ளலாம்.

முந்நூறு சொல்லில் ஒரு சுருக்கம் எழுதி அனுப்புகிறோம். சில மாதம் கழித்து மேடையில் நின்று பேசுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது, நம் ஊர்ப்பக்கம் ஏன் பெரும்பாலும் ஒன்றுமே நடப்பதில்லை என்பதைத்தான் இன்று பேச வந்தேன்.

சுருக்கத்தைப் படித்துத் தேர்ந்தெடுப்பது வெளிநாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்று சிலர் நினைக்கலாம். நன்னூலின் தொடக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு நூலுக்குள் நுழையுமுன் அதை எழுதியவர் யார், எதன் வழியில் வந்தது, எதைப் பற்றிச் சொல்கிறது, யார் கேட்கத் தக்கது, கேட்டால் என்ன பயன் என்பதையெல்லாம் பாயிரம் சொல்லிவிட வேண்டும் என்று பவணந்தி முனிவர் வரிசைப்படுத்துகிறார். இன்றைய ஆய்வுச்சுருக்கத்துக்கு வேறு இலக்கணம் தேவையே இல்லை. அதோடு அவர் விடவில்லை. சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியரே எழுதிக்கொள்ளக் கூடாது. அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுத வேண்டும் என்கிறார். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது காரணம். சில இடங்களில் மட்டும் விலக்குத் தருகிறார். நம் திறமை தெரியாதவர்கள் நடுவில் நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளலாமாம். முகம் தெரியாத மதிப்பீட்டாளருக்கு அனுப்பும் சுருக்கத்தை இந்த விலக்கின் கீழ் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கேட்டுத் திருத்தும் வழக்கமும் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டு ஆசான் குற்றம் நீங்கக் கேட்க அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்கிறது. பக்கத்துத் தேரழுந்தூரில் பிறந்த கம்பர், திருவரங்கத்தில் காவியத்தை அரங்கேற்றுமுன் ஊர் ஊராகப் போய் ஒப்புதல் வாங்கிவர அலைந்தார் என்று கர்ணபரம்பரைக் கதை உண்டு. திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணம் பாடினால், அதைப் புலவர்களும் ஊராரும் கூடிய அவையில் நாள்கணக்காகப் படித்துப் பொருள் சொல்லி அரங்கேற்றுவார். அந்த அவைகளில் பொறாமையும் உண்டு, முகத்துதியும் உண்டு. இருந்தாலும் ஒருவர் வாசித்தார், இன்னொருவர் காது கொடுத்துக் கேட்டார். இன்றைய அறிவியல் மாநாடு அந்தக் கேட்பை மேடைக்கு வருமுன்பே, தாளிலேயே முடித்துக்கொள்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

முறையாக நடக்கும் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். மாநாட்டுக்கு எட்டு மாதமோ ஒரு வருடமோ முன்பே அழைப்பு வெளியாகும். சுருக்கங்கள் வந்து சேர்ந்ததும், ஆய்வுக் குழுத் தலைவர் அவற்றைத் துறைவாரியாகப் பிரிப்பார். ஒவ்வொன்றும் அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் போகும். அனுப்பியவர் தன் மாணவராகவோ, தன் கல்லூரிக்காரராகவோ, கூட எழுதுபவராகவோ இருந்தால் மதிப்பீட்டாளர் "எனக்கு வேண்டாம்" என்று ஒதுங்கிவிட வேண்டும். கேள்வி புதியதா, தரவு கையில் இருக்கிறதா, முறை சரியா, மாநாட்டின் பொருளுக்குப் பொருந்துகிறதா என்று தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். கீழே நாலு வரி காரணமும் எழுதுவார்கள். மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் எளிதில் முடிவாகிவிடும். சண்டையெல்லாம் நடுவில் கிடப்பவற்றின் மேல்தான். ஒருவர் எட்டு கொடுத்ததற்கு இன்னொருவர் மூன்று கொடுத்திருப்பார். குழு அதைப் படித்துத் தீர்க்க வேண்டும். கடைசியில் சில மேடைக்கு, சில சுவரொட்டி அரங்குக்கு, மற்றவை காரணத்தோடு திரும்பிப் போகும். கட்டணப் பேச்சு இதற்குப் பிறகுதான்.

இதில் பெயரை மறைத்துப் படிப்பதா, தெரிந்து படிப்பதா என்று ஒரு பழைய வழக்கு நடக்கிறது. பெயரை மறைப்பது ஏதோ சந்தேகப் புத்தி என்று நினைப்பவர்களை ஆடுதுறைக்குக் கூட்டிப்போக வேண்டும். 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எவ்வளவு பெரிய விஞ்ஞானி உருவாக்கிய நெல்லானாலும், 1965-இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் திட்டத்தின் சோதனைக்குப் போகும்போது அதற்கு ஐ.இ.டி. எனப்படும் தொடக்கநிலைச் சோதனை எண் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். வயலில் அந்த எண்தான் நிற்கும். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. பல ஊர், பல பருவம், பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரகம் என்று பார்த்துத்தான் அடுத்த படிக்கு ஏற்றுகிறார்கள். நெல்லுக்குக் கொடுக்கும் மரியாதையைக் கட்டுரைக்கும் கொடுத்தால் என்ன?

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் கணினித் துறை மாநாடு ஒன்றில், வந்த கட்டுரைகளைப் பெயர் தெரிந்த மதிப்பீட்டாளர்களுக்கும் பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்களுக்கும் ஒருசேரக் கொடுத்தார்கள். பெயர் தெரிந்தவர்கள், புகழ்பெற்ற ஆய்வாளர்களின் கட்டுரைகளையும் பெரிய பல்கலைக்கழகங்கள், பெரிய நிறுவனங்களிலிருந்து வந்தவற்றையும் கூடுதலாகப் பரிந்துரைத்தார்கள். அதற்கு வெகு முன்னாலேயே, 1982-இல், பீட்டர்ஸ், செசி என்ற இரு உளவியலாளர்கள் வேறொரு குறும்பு செய்தார்கள். பெயர்போன நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் எழுதி ஏற்கெனவே அச்சான 12 கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனப் பெயரையும் மட்டும் கற்பனையாக மாற்றி, அவற்றை வெளியிட்ட அதே இதழ்களுக்குத் திரும்ப அனுப்பினார்கள். மூன்றுதான் பிடிபட்டன. மீதி ஒன்பதில் எட்டைத் தரமில்லை என்று நிராகரித்தார்கள்! அது இதழ்களின் கதை, மாநாட்டின் கதையல்ல. ஆனாலும் குத்தாலத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி அனுப்பும் சுருக்கத்துக்கும் சென்னையின் பெரிய நிறுவனத்திலிருந்து போகும் சுருக்கத்துக்கும் ஒரே கண் கிடைக்குமா என்று கவலைப்படுபவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

பெயரை மறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 2014-இல் கனடாவின் மாண்ட்ரியலில் நடந்த நிப்ஸ் மாநாடு, எந்திரக் கற்றல் துறையில் உலகிலேயே மதிப்புள்ள மேடைகளில் ஒன்று. கொரின்னா கார்ட்டெஸ், நீல் லாரன்ஸ் இருவரும் அந்த ஆண்டு அதன் ஆய்வுக் குழுத் தலைவர்கள். வந்தவற்றில் பத்திலொரு பங்கை, 166 கட்டுரைகளை, ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்களிடம் அவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 43 கட்டுரைகளில் இரண்டு குழுவும் நேர் எதிரான முடிவுக்கு வந்தன. கால் பங்குதானே என்று தோன்றும். ஆனால் ஒரு குழு ஏற்றவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால், அவற்றில் பாதிக்கு மேல் மற்றக் குழுவின் கையில் அடிபட்டிருக்கின்றன. 2021-இல் மறுபடி செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆகவே, நல்ல மாநாடு உங்கள் சுருக்கத்தைத் திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் துக்கம் காத்துவிட்டு, மதிப்பீட்டாளர் எழுதிய நாலு வரியை மட்டும் கவனமாகப் படியுங்கள். முடிவில் பாதி அதிர்ஷ்டம் கலந்திருக்கலாம். ஆனால் ஒருவர் உட்கார்ந்து படித்து, எங்கே இடித்தது என்று சொல்லியிருக்கிறார். அந்த நாலு வரி உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

இன்னொரு பாதையும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் மார்ச் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் அனுப்பும் சுருக்கத்துக்குப் பொதுவாக இடம் கிடைத்துவிடும். பத்து நிமிடம் பேசலாம். அங்கே வடிகட்டல் மேடைக்கு வெளியே நடக்கிறது. பிடிக்காவிட்டால் கேட்க வந்தவர்கள் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். எல்லாருக்கும் கதவு திறந்திருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அதில் ஏமாற்று இல்லை. தேர்ந்தெடுத்ததாகச் சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுக்காமல் விடுவதுதான் கோளாறு.

அந்தக் கோளாறு முற்றி நம் நாட்டிலும் வியாபாரமானது என்பது வருத்தமான செய்தி. 2016-இல் நியூசிலாந்துப் பேராசிரியர் கிறிஸ்டோஃப் பார்ட்னெக்குக்கு, அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடக்கும் அணு இயற்பியல் மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. அவருக்கும் அணுவுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கைப்பேசியில் அணு என்று தட்டச்சு செய்து, அடுத்தடுத்த சொற்களைக் கைப்பேசியையே ஊகிக்கவிட்டு, பொருளே இல்லாத ஒரு சுருக்கத்தை ஒரு பொய்ப் பெயரில் அனுப்பினார். மூன்று மணி நேரத்தில் ஏற்பு வந்துவிட்டது. பேச்சாளராகப் பதிவுசெய்ய 1,099 டாலர் கட்டச் சொன்னார்கள். மாநாட்டை நடத்தியது ஐதராபாத்தின் ஓமிக்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். அதே ஆண்டில் அமெரிக்க வணிக ஆணையம் அந்தக் குழுமத்தின் மேல் வழக்குப் போட்டது. சக ஆய்வாளர் மதிப்பீடு உண்டென்று பொய் சொல்வது, வர ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயரைப் போட்டு மாநாட்டுக்கு ஆள் சேர்ப்பது, கட்டணத்தை மறைப்பது ஆகியவை குற்றச்சாட்டுகள். 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நெல் ஒருங்கிணைப்புத் திட்டத்தின் தலைமையகமும் ஐதராபாத்தில்தான் இருக்கிறது. எண் கொடுத்துச் சோதிக்கும் ஊரும், எதையும் சோதிக்காமல் ஏற்கும் ஊரும் ஒன்றாகிப்போனது.

நம் கல்லூரிகள் அப்படி மோசடி செய்வதில்லை. அங்கே வேறு கணக்கு ஓடுகிறது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிமுறை கொண்டுவந்தது. உள்ளூர்க் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் 3 புள்ளி, மாநில அளவில் 5, தேசிய அளவில் 7.5, பன்னாட்டளவில் 10. அதற்குப் பிறகு எந்தத் துறைத்தலைவருக்கு உள்ளூர்க் கருத்தரங்கு நடத்த மனம் வரும்? காவிரிக் கரையின் நாட்டார் தெய்வங்களைப் பற்றி, காவிரிக் கரைக்காரர்களே கூடிப் பேசும் கூட்டத்துக்கும் 'பன்னாட்டு' என்று பெயர்ப்பலகை ஏறியது. இணையவழியில் ஒரு மலேசிய நண்பர் வாழ்த்துரை சொன்னால் இலக்கணம் நிறைந்துவிடும். 2018 விதிகளில் வெளிநாட்டில் நடந்தால் 7, உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்குக்கு 5, தேசியத்துக்கு 3, மாநிலத்துக்கு 2 என்று குறைத்தார்கள். ஆனாலும் வாசிக்கப்பட்ட கட்டுரையை யார் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்விக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. கட்டுரைகள் ஐஎஸ்பிஎன் எண்ணோடு தலையணை கனத்தில் தொகுப்பாக வந்துவிடும். அந்த எண் புத்தகத்தை அடையாளம் காட்டும் எண். தரத்துக்கான முத்திரை அல்ல. அதைக்கூடச் சான்றிதழில் தடித்த எழுத்தில் அச்சடிக்கிறார்கள்.

படிக்காமல் ஏற்கும் இந்த வழக்கத்தை எதிர்த்து நின்ற ஒருவரைப் பற்றி நான் அவசியம் சொல்ல வேண்டும். 1964 சனவரியில் டில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு நடந்தபோது, தனிநாயக அடிகளார் முதலியோர் கூடி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கினார்கள். பிரெஞ்சு அறிஞர் ஜான் ஃபிலியோசா தலைவர். தனிநாயக அடிகளாரும் செக் நாட்டு கமில் சுவலபிலும் செயலாளர்கள். முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நடந்தது. 1968-இல் சென்னை, 1970-இல் பாரிஸ், 1974-இல் யாழ்ப்பாணம், 1981-இல் மதுரை என்று போய், எட்டாவது 1995 சனவரியில் நம் தஞ்சாவூருக்கு வந்தது. அப்போது மன்றத்தின் தலைவர் ஜப்பானியப் பேராசிரியர் நொபுரு கராஷிமா. சோழர் கல்வெட்டுகளைக் கணக்கெடுத்து, ஊர் நிலம் யார் கையில் எப்படி இருந்தது, காலப்போக்கில் எப்படி மாறியது என்று காட்டியவர். காவிரிக் கரை ஊர்கள் அவருக்கு அந்நியமல்ல.

2009-இல் தமிழ்நாடு அரசு ஒன்பதாவது மாநாட்டைக் கோயம்புத்தூரில் நடத்த விரும்பியது. முதலில் சொன்ன நாளுக்குச் சில மாதங்களே இருந்தன. கராஷிமா மறுத்தார். பன்னாட்டு ஆய்வு மாநாடு என்றால் அறிஞர்களை அழைக்கவும், அவர்கள் எழுதவும், வந்ததைப் பரிசீலிக்கவும் ஓராண்டாவது வேண்டும் என்பது அவர் வாதம். அரசு 2010 சூனுக்குத் தள்ளிவைக்க முன்வந்தது. அதுவும் போதாது என்றார். கடைசியில் அரசு, மன்றத்தின் பெயர் இல்லாமலே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு என்று 2010 சூன் 23 முதல் 27 வரை நடத்தியது. ஆய்வரங்குகளும் நடந்தன, நல்ல கட்டுரைகளும் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு முதலமைச்சர் விருந்தோம்பக் காத்திருக்கும்போது, ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்று ஒரு மனிதர் சொன்னார் பாருங்கள், அந்தத் துணிச்சலைத் தமிழாய்வு உலகம் போதிய அளவு பேசவில்லை.  மன்றத்தின் ஒன்பதாவது மாநாடு 2015-இல்தான் கோலாலம்பூரில் நடந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் இருபது ஆண்டு இடைவெளி. அது பெரிய இழப்புதான். அந்த இழப்பையும் கூட்டிக் கழித்த பிறகும் நான் கராஷிமா பக்கம்தான் நிற்பேன்.

தஞ்சாவூர் மாநாட்டை வேறொரு காரணத்துக்காகவும் மறக்க முடியாது. இலங்கையிலிருந்து வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட சில அறிஞர்களை அரசு மாநாட்டில் கலந்துகொள்ள விடாமல் திருப்பி அனுப்பியது. தமிழ் நாடக வரலாற்றில் அவரைத் தாண்டிப் பேச அன்று யார் இருந்தார்கள்? ஆய்வுக் குழு தேர்ந்தெடுத்தவரை அரசு நிராகரித்தது.

இந்திய அறிவியல் மாநாட்டுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த சைமன்சனும் மெக்மாகன் என்ற இன்னொரு வேதியியலாளரும் முனைந்து தொடங்கியது அது. 1914-இல் கல்கத்தாவில் 105 அறிவியலாளர்கள் கூடி, 35 கட்டுரைகள் வாசித்தார்கள். அதே மாநாட்டு மேடையில், 2015-இல் மும்பையில், பண்டைக்காலத்தில் கோள்களுக்கு இடையே விமானம் பறந்ததாக ஒரு கட்டுரை ஏறியது. 2019-இல் ஜலந்தரில் கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று ஒரு துணைவேந்தரே பேசினார். அதற்குப் பிறகுதான், பேச்சாளர்கள் என்ன பேசப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே வாங்கிப் பார்க்க வேண்டும் என்று அமைப்பாளர்களுக்குத் தோன்றியது. மாணவர்களின் சுருக்கத்தை வரிவரியாகப் பார்ப்பவர்கள், துணைவேந்தர் என்றதும் மைக்கை நீட்டிவிடுகிறார்கள். தேர்வு என்று ஒன்று இருந்தால் மாலை வாங்கிக்கொள்ளும் விருந்தினருக்கும் அது உண்டு.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் சுருக்கத்தைப் படிப்பவர் அன்று இருபதாவதாகவோ முப்பதாவதாகவோ அதைப் படிக்கிறார். "தமிழர் பண்பாடு தொன்மை வாய்ந்தது" என்று தொடங்கினால் அவர் கண் அடுத்த தாளுக்குத் தாவிவிடும். முதல் வரியிலேயே கேள்வியை வையுங்கள். எந்தத் தரவு, எத்தனை கல்வெட்டு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லுங்கள். என்ன கண்டீர்கள் என்பதை ஒளித்து வைக்காதீர்கள். "முடிவுகள் கட்டுரையில் விவாதிக்கப்படும்" என்று எழுதினால் முடிவு இன்னும் கைக்கு வரவில்லை என்றுதான் பொருள் கொள்வார்கள். இன்றைக்கு இயந்திரமே நொடியில் சுருக்கம் எழுதித் தருகிறது. வழவழவென்று இருக்கும், ஓர் ஊர்ப் பெயர்கூட இருக்காது. சுருக்கத்தில் சொன்னதைக் கட்டுரையில் செய்யவும் வேண்டும். சொன்னவாறறிவார் என்ற பெயரில் சிவன் கோயில் கொண்ட இந்த ஊரில் நின்றுகொண்டு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நடத்துபவர்களிடம் கேட்பது அதிகமில்லை. அழைப்புக்கும் கருத்தரங்குக்கும் நடுவே ஆறு மாதம் விடுங்கள். சுருக்கத்திலிருந்து பெயரையும் கல்லூரியையும் எடுத்துவிட்டு எண் போட்டு, வெளிக் கல்லூரி ஆசிரியர் இருவருக்கு அனுப்புங்கள். மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், சிதம்பரம் என்று சுற்றிலும் கல்லூரிகள் இருக்கின்றன. ஒருவருக்கொருவர் படித்துக்கொடுத்தால் செலவே இல்லை. திருப்பி அனுப்புவதற்கு மூன்று வரி காரணம் எழுதுங்கள். நூறு கட்டுரையை ஒரே நாளில் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாக ஓட்டாமல், இருபதை எடுத்து ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் கொடுங்கள். மீதியில் தேறுவதைச் சுவரொட்டியாக வையுங்கள்.

இதைச் சொன்னால் எல்லாரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்: நூறு பேர் கட்டணம் வராவிட்டால் செலவுக்கு எங்கே போவது? பட்டியலைப் பார்ப்போம். பொன்னாடை, நினைவுப் பரிசு, மாநாட்டுப் பெயர் அச்சடித்த பை, நெகிழிப் பலகை, தலையணைத் தொகுப்பு, விருந்தினருக்கு ஏசி அறை, கார், வடை பாயசத்தோடு நூறு இலை. இதில் ஆய்வுக்கு வேண்டியது எது? இருபது பேருக்குத் தயிர்சாதமும் ஊறுகாயும் கல்லூரி விடுதியிலேயே கட்டித் தருவார்கள். தொகுப்பை இணையத்தில் இலவசமாகப் போடலாம். பொன்னாடையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.